ட்ச் என்றால் இல்லை

பிளேடின் முனை உள்ளே போய்விட்டது. இனி இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஜெபக்கனி கழிவறைக் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, இடது கையால் வலது காது மடலை முன்பக்கம் மடக்கிப் பிடித்திருந்தாள். காதுக்குப் பின்னால், எலும்பு மேட்டில், தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. தோல் வழியே மங்கலான பச்சை வெளிச்சம். அந்தப் புடைப்பின் ஓரமாகப் பிளேடு. ரத்தம் அவசரமில்லாமல் வந்தது. நிலாவில் எதுவுமே அவசரமாக விழாது. கோலிக்குண்டு போலத் திரண்டு, கொஞ்சம் யோசித்து, பிறகு கிளம்பி வாஷ்பேசினில் வந்து உட்கார்ந்தது.

வலித்தது. பக்கத்து வீட்டில் யாருக்கோ வலிப்பது போல வலித்தது.

கதவு அதிர்ந்தது. "அம்மணி! கதவைத் திறங்க!"

டாக்டர் தனபாலன். கோயம்புத்தூர்க்காரர். நிலையத்தின் மனநல மருத்துவர். ஆறு வருஷத்துக்கு முன்பு இவள் இங்கே வந்து இறங்கியபோது, காதுக்குப் பின்னால் இதை வைத்துத் தைத்தவரும் அவர்தான்.

"கொஞ்சம் இருங்க டாக்டர். எடுத்துட்டு வாரேன்."

"எடுத்துட்டு வர்றதுக்கு அதென்ன காலுல குத்துன முள்ளுங்களா? அடியில ரத்தக்குழாய் ஓடுது. கை தவறுச்சுன்னா, நான் கதவை உடைச்சு உள்ளே வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போகும்."

"அம்மா லைன்ல வரப் போறா. அதுக்குள்ள எடுக்கணும்."

"எதுக்குங்க?"

"அழணும் டாக்டர்."

சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்கும் குரலில்தான் சொன்னாள். கதவைத் தட்டுவது நின்றது.

"சரி" என்றார் கடைசியில். "வெட்ட வேண்டாம். என் டேப்லெட்டுல இருந்தே நிறுத்திடறேன். திறங்க."

"அன்னைலேருந்து கேக்கேன். முடியாதுன்னிய."

"விசாரணை முடியட்டும்னு சொன்னேன். முடிஞ்சிருச்சல்லங்க. திறங்க அம்மணி."

தாழ்ப்பாளை நீக்கினாள். உள்ளே வந்தவர் அவள் கழுத்தைப் பார்த்தார், காலர் நனைந்திருப்பதைப் பார்த்தார். நாக்கை மேல்பல்லில் ஒட்டி எடுத்தார்.

"ட்ச்."

"என்ன இல்ல?" என்றாள் ஜெபக்கனி உடனே. "இப்பத்தான நிறுத்துதேன்னிய?"

அவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் பஞ்சு.

"இல்லைன்னு சொல்லலீங்க" என்றார் மெதுவாக. "பாவம்னு சொன்னேன்."

இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நிலையத்துக்குக் காகிதத்தில் வேறு பெயர். அங்கே வேலை பார்க்கும் தமிழ்க்காரர்கள் வைத்த பெயர் நிழல்குழி. நிலாவின் தென்முனையில் சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளம். அடியில் பனிக்கட்டி. அதைத் தோண்டித் தண்ணீராக்க, உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஆட்கள்.

முதலில் வந்தவர்கள் விழித்திருந்த நேரமெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? ரேடியோவிலோ பாதி வார்த்தை இரைச்சலில் போய்விடும். ஆனால் நாக்கைச் சொடுக்கும் சத்தம் ஊசி மாதிரி அந்த இரைச்சலைத் துளைத்துக்கொண்டு வரும். எனவே 'ம்' என்றால் ஆமாம். 'ட்ச்' என்றால் இல்லை. வேண்டாம். கூடாது. நிலையப் பேச்சின் முதல் இரண்டு சொற்கள் இவைதான். பிறகு அது ஹெல்மெட்டை விட்டு வெளியே வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில், குளியல் வரிசையில், படுக்கையில். இன்னும் கொஞ்சம் சாதம் போடவா? ட்ச்.

நம் ஊரில் அதே சத்தத்துக்கு வேறு வேலை. அடுத்தவன் கஷ்டத்தைக் கேட்டால் உச்சுக் கொட்டுவோம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தானாக வருவது.

தானாக வருவதையெல்லாம் மறக்க வைக்கத்தான் காதுக்குப் பின்னால் இந்தக் கருவி, இணக்கி.

டாக்டர் அவளைக் கழிவறை மூடியின் மேல் உட்கார வைத்து, வெட்டைத் துடைத்தார்.

"இது என்ன செய்யிதுன்னு நீங்க ஒருநாளும் விளக்கமா சொன்னதில்ல" என்றாள்.

"கேட்டதில்லீங்களே. புது எடத்துக்கு வந்தா மூளை ஒவ்வொண்ணுக்கும் மணி அடிக்கும். இந்தச் சாப்பாடு வேற, இந்த வாசம் வேற, இவன் ஏன் இவ்வளவு கிட்ட வந்து நிக்கறான், அவன் ஏன் சிரிக்க மாட்டேங்கறான்னு நாளெல்லாம் மணி. அதுலயே பாதிப் பேரு நொந்து போயிருவாங்க. இணக்கி அந்த மணிச் சத்தத்தைக் கொறைக்கும்."

"அவ்வளவுதானா?"

"ஊர் நெனப்பு வர்றப்ப நெஞ்சுல ஒண்ணு இழுக்குமில்லீங்க? அதையும் கொறைக்கும். ரெண்டு பக்க இழுப்பையும் கொறைச்சுட்டா, ஆளு நடுவுல நின்னுக்குவாரு."

"நடுவுலன்னா எங்க?"

"இங்கதானுங்க" என்றார் டாக்டர்.

அது உண்மைதான். வந்த புதிதில் ஜெபக்கனி வட்டமான எவர்சில்வர் தட்டைப் பார்த்தால்கூட அழுதாள். தூத்துக்குடி உப்பளக் காற்றின் பிசுபிசுப்பு கழுத்தில் இல்லையே என்று அழுதாள். பிறகு அது குறைந்தது. முதல் கிறிஸ்துமஸுக்கு அம்மா தெருக் கேரல் பாட்டைப் பதிவு செய்து அனுப்பினாள். தம்பியின் குரல் எல்லாரையும் விட ஒரு சுருதி மேலே. முழுக்கக் கேட்டாள். கண்ணில் ஒன்றுமில்லை. அன்றைக்கே இதே டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னாள்: "நல்லா வேலை செய்யிது டாக்டர்."

அதன் பிறகு எல்லாம் எளிது. சுரங்கக் கதவுகளை இயக்கும் பிரிவில் சேர்ந்தாள். நிலையப் பேச்சில் கனவு கண்டாள். யாராவது தமிழில் கூப்பிட்டால் திரும்புவதற்கு ஒரு கணம் பிடித்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அவளைக் காட்டி, "இந்தம்மாவைப் பாருங்க, இங்கயே பிறந்த மாதிரி" என்று நிர்வாகம் பெருமைப்பட்டது. அவளுக்கும் பெருமைதான். தம்பி எபனேசருக்கு இங்கே வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அந்தப் பெருமையில்தான்.

எபா வந்து இரண்டு மாசம் முடியவில்லை.

"இவங்க யாரும் ஒண்ணும் பேச மாட்டேங்காங்கக்கா. நாய்க்குட்டியக் கூப்பிடுத மாதிரி நாக்கச் சொடுக்கிக்கிட்டே திரியுதாங்க" என்று சிரிப்பான்.

"இணக்கி பாத்துக்கிடும்ல" என்பாள்.

போன மாசம் ஒருநாள் சாப்பிடும்போது, கொதிநீர்க் குழாயில் கை சுட்டுக்கொண்டதைக் காட்டினாள். அவன் "ட்ச்" என்றான். இவளுக்குச் சுருக்கென்றது.

"இல்லங்கியா? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"ஏக்கா! பாவம்னு உச்சுக் கொட்டுனேன். அதுகூட மறந்து போச்சா ஒனக்கு?" வாயிலிருந்த சோறு சிதறச் சிரித்தான். "அம்மாட்ட சொல்லுதேன் இரு. மக சுத்தமா நிலாக்காரி ஆயிட்டான்னு."

அவளும் சிரித்தாள். சரிதான், மறந்துதான் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். அத்தோடு அதையும் மறந்தாள்.

நாலாம் சுரங்கத்தில் விரிசல் விட்ட அன்று, கதவுப் பொத்தானில் கை வைத்திருந்தவள் அவள்தான். உள்ளே இரண்டு பேர். எபா, அவனோடு துளைப்பு வேலை பார்த்த மிரோன் என்ற கிழவர். காற்று கசிந்துகொண்டிருந்தது. கதவை மூடாவிட்டால் இந்தப் பக்கக் கூடத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் காலி. ஆனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். வருகிறோம் என்று சொன்னால் அவர்களுக்காகக் கதவை மூடாமல் நிறுத்தி வைக்கலாம். அதற்கு விதி இடம் கொடுக்கிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

நிலையப் பேச்சில் கேட்டாள். "கதவை நிறுத்தி வைக்கவா?"

ரேடியோவில் இரைச்சல். அதைத் துளைத்துக்கொண்டு வந்தது தம்பியின் பதில்.

ட்ச். ட்ச், ட்ச்.

ஒன்றென்றால் வேண்டாம். மூன்றென்றால் வேண்டவே வேண்டாம். வர வழியில்லை, எங்களை விட்டுவிடு, மூடு.

மூடினாள். விரல் நடுங்கவில்லை.

பிறகு மீட்புக் குழு போய்ப் பார்த்தது. மிரோனின் கால் பாறைக்கு அடியில் சிக்கி நசுங்கியிருந்தது, அவருடைய ரேடியோவும் நொறுங்கியிருந்தது. எபா பாறையை நகர்த்திவிட்டு, தன் கயிற்றால் அந்தக் காலைக் கட்டி, கிழவரைத் தோளில் தூக்கியிருந்தான். கதவுக்குப் பக்கத்தில்தான் இருவரும் கிடந்தார்கள். எபாவின் ஹெல்மெட் ரேடியோவில் கேட்கும் பக்கம் உடைந்திருந்தது. பேசும் பக்கம் நன்றாக இருந்தது. அக்கா கேட்ட கேள்வி அவன் காதில் விழவே இல்லை.

விசாரணை அறையில் அந்தப் பதிவை ஓட்டினார்கள். நிர்வாகிகள் தலையசைத்தார்கள். தெளிவான மறுப்பு, விதிப்படி நடந்திருக்கிறது, யார் மீதும் தவறில்லை. ஒருவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். தனபாலன் மட்டும் பதிவை இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். ஓடியது. ட்ச். ட்ச், ட்ச்.

"இது மறுப்பில்லீங்க" என்றார் டாக்டர் தமிழில், அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒரே ஒருத்தியைப் பார்த்து. "பெரியவரோட காலைப் பார்த்து உச்சுக் கொட்டறானுங்க உங்க தம்பி."

அந்தக் கணத்தில் ஜெபக்கனிக்கு அது கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்பது போல உட்கார்ந்திருந்தாள்.

இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வெட்டின் மேல் பசைத்துணியை ஒட்டினார்.

"எங்கம்மா இன்னும் நம்பல டாக்டர்" என்றாள். "உடம்பு வராதுன்னு சொல்லியாச்சு. போட்டோவுக்கு மாலை போட்டாச்சு. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு. அவ கல்லு மாதிரி உக்காந்திருக்காளாம். ஒரு பருக்கை சாப்பிடல. தண்ணிகூட வேண்டாங்காளாம். 'எல்லாரும் பொய் சொல்லுதிய, எம் மவ முகத்தப் பாத்தாத்தான் நம்புவேன்'னு சொல்லிட்டாளாம். சித்தி மெசேஜ் அனுப்பியிருக்கா. 'நீ அழுதுரு பிள்ள. நீ அழுதாத்தான் அவ அழுவா. இல்லாட்டி அவளும் போயிருவா.' அதான் வெட்டுனேன்."

"புரியுதுங்க."

"இது மட்டும் இல்லேன்னா அன்னைக்கு அந்தச் சத்தம் எனக்கு வெளங்கியிருக்கும். சாப்பாட்டு மேசையில தம்பி சொல்லிக்குடுத்தான். அதுக்குப் பொறவும் வெளங்கலன்னா, இதுதான காரணம்? எபாவக் கொன்னது இந்தக் கொட்டைதான். நான் இல்ல. சரிதான டாக்டர்?"

டாக்டர் பசைத்துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

"தலையை நேரா வெச்சுக்கோங்க" என்றார்.

டேப்லெட்டை எடுத்து எதையோ தொட்டார். இன்னொரு முறை தொட்டார். "ஆச்சுங்க. நின்னுருச்சு."

அவள் காது மடலை மடக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். "பச்சை லைட்டு எரியுதே?"

"லைட்டுக்குத் தனி பேட்டரிங்க. அது எரிஞ்சுட்டேதான் இருக்கும்."

"அழுகை வர எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே அறையில் சுவர்த்திரை மணியடித்தது. பூமி அழைப்பு. அவள் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றாள்.

திரையில் முதலில் வந்தது சித்தியின் நெற்றி. "எம்மா, தெரியுதா? ஏல, அந்தப் போன நேராப் பிடில! நெட்டு போயிரும், பேசு பிள்ள, சீக்கிரம் பேசு!" பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைச் சேலைகள். சுவரில் எபாவின் புகைப்படம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தது. சுற்றிலும் சின்னச் சின்னப் பல்புகள்.

போன் நகர்ந்தது. அம்மா தெரிந்தாள்.

முகம் பாதியாகியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்கள் மட்டும் கூர்மையாக, மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தக் கூர்மையோடு மகளின் முகத்தைப் பார்த்தன.

"அம்மா" என்றாள் ஜெபக்கனி.

அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு. திரும்பி வர ஒரு மூச்சு. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வா, என்றாள் ஜெபக்கனி உள்ளுக்குள். நிறுத்தியாச்சில்ல, வா. எவர்சில்வர் தட்டை நினைத்தாள். கேரலில் ஒரு சுருதி மேலே போன குரலை நினைத்தாள். கயிறு கட்டிய காலை, கதவுக்குப் பக்கத்தில் கிடந்த கையுறையை. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டுப் பார்த்தாள். கிணற்றில் கல் போட்டால் ஒரு சத்தமாவது கேட்கும். எதுவும் கேட்கவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் வைத்துக்கொண்டாள். எரிந்தது, அவ்வளவுதான்.

அம்மாவின் முகத்தில் ஏதோ மாறியது. வெடித்த உதட்டின் ஓரம் மேலே ஏறியது. சிரிப்பு.

"பாத்தியளா?" என்று பின்னால் திரும்பிச் சொன்னாள். "எம் மவ அழலியே! சொன்னேம்லா? கூடப்பொறந்தவன் செத்திருந்தா இவ இப்பிடியா இருப்பா? மூஞ்சியப் பாருங்க, சித்திரம் மாதிரி இருக்கா. எபா இருக்கான். இருக்காம்லா, கனி?"

"எக்கா, எக்கா, சும்மா இரி" என்று யாரோ தோளைப் பிடித்தார்கள். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"நீ சொல்லு கனி. இவங்க சொல்ல வேண்டாம். நீ சொல்லு. எம் பிள்ள இருக்கானா?"

டாக்டர் கழிவறை வாசலில், திரைக்குத் தெரியாத இடத்தில், ரத்தப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஜெபக்கனி வாயைத் திறந்தாள். 'இல்ல' என்ற தமிழ் வார்த்தையைத் தேடினாள். கிடைப்பதற்குள் நாக்கு தானாக மேல்பல்லில் ஒட்டி, பிரிந்தது. ஆறு வருஷமாகத் தினமும் நூறு கேள்விக்குச் சொன்ன பதில்.

"ட்ச்."

அது பூமிக்குப் போனது. ஒரு மூச்சு.

அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு இல்லை. கண்ணின் கூர்மை முதலில் போனது. பிறகு முகவாய் நடுங்கியது. அந்தச் சத்தம் தூத்துக்குடியில் வேறு சத்தமாகப் போய் இறங்கியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து இன்னொருத்தி கொட்டும் உச்சு.

"எய்யா!" என்று அம்மா மார்பில் அறைந்துகொண்டாள். "எய்யா, எம் ராசா! உச்சுக் கொட்டிட்டாளே எம் மவ! போயிட்டானே! எம் பிள்ள போயிட்டானே!"

அறை முழுக்க அழுகை வெடித்தது. சித்தி போனைத் தவறவிட்டாள். திரையில் உத்திரமும் சுழலும் மின்விசிறியும். சத்தத்துக்கு நடுவே யாரோ சொன்னார்கள்: "அழுதுட்டா. ஆண்டவரே, அழுதுட்டா. ஏட்டி, தண்ணி கொண்டா, ஒரு மடக்குக் குடிக்கட்டும்." இன்னொரு குரல்: "மவளுக்கும் நெஞ்சடச்சிப் போச்சு பாவம். வார்த்தையே வரல பாத்தியா."

தொடர்பு அறுந்தது.

அம்மா பிழைத்துக்கொள்வாள். ஜெபக்கனி கருப்புத் திரையைப் பார்த்தாள். அதில் தெரிந்த முகம் காய்ந்திருந்தது.

"நீங்க சொன்ன ட்ச்..." என்றார் டாக்டர். "எதுங்க அது? இல்லைங்கறதா? பாவங்கறதா?"

"தெரியல டாக்டர்."

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

"இன்னும் வரல" என்றாள். "நெசமாவே நிறுத்திட்டியளா?"

"நின்னுதானுங்க இருக்குது."

அந்த வார்த்தையில் எங்கோ ஓர் இடறல். அவள் திரும்பினாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சை மடித்துக்கொண்டிருந்தார், மடிக்க அதில் ஒன்றுமில்லை.

"நின்னு இருக்குதுன்னா? எப்பலேருந்து?"

"எல்லாருக்கும் ஒரே கணக்குதானுங்க. வந்த புதுசுல கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் வெறும் லைட்டுதான். அதுக்கு மேல யாருக்கும் தேவைப்பட்டதில்ல."

"எனக்கு எப்ப நின்னுச்சு?"

டாக்டர் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். அது மெதுவாக இறங்கி அடியில் போய்ச் சேரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க முதல் கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பாட்டைக் கேட்டுட்டு, 'நல்லா வேலை செய்யிது'ன்னு எங்கிட்ட வந்து சொன்னீங்களே, அம்மணி" என்றார். "அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே."